கவசம் திறக்கும் நாள் வரை: வடசென்னையில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: காசிமேடு

கார்த்திகைப் பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சார்த்தியிருக்கும் கவசத்தை அன்று மாலை எடுப்பார்கள். அதன்பின் மூன்று நாட்களுக்கு மட்டும் உள்ளே இருக்கும் புற்றைத் தரிசிக்கலாம். அதற்காகவே தென்காசியிலிருந்து வந்து, தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். பௌர்ணமி வரும்வரை சும்மா இருக்காமல் நாளுக்கு ஓர் இடமாகப் பார்த்து, அன்றன்று இரவே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்து சமய வரலாறு என்று நான் படித்த நூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்பவை. சிந்துவெளி முத்திரையில் தொடங்கி வேதம், உபநிடதம், இதிகாசம், புராணம், பக்தி இயக்கம், ஆசாரியர்கள், 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தம் என்று படிக்கட்டு போல அடுக்கிக்கொண்டு போகும். ஒரு படியில் கால் வைத்ததும் முந்தைய படி இல்லாமல் போய்விட்டது என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடும். கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது அப்படி அல்ல என்று தெரியும். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய மந்திரமும் போன தலைமுறையில் எழுந்த சன்னதியும் ஒரே பிராகாரத்தில் இருக்கின்றன. பழையது போகவில்லை, புதியது அதன்மேலோ அதன் பக்கத்திலோ வந்து அமர்ந்திருக்கிறது. அப்படி அமர்ந்தபோது யாருக்கு எந்த இடம் கிடைத்தது, யார் வெளியே நின்றார்கள் என்பதுதான் நான் இங்கே பார்க்க விரும்புவது.

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். இரவு கடலுக்குப் போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஏலம் விடுவோரின் குரல்களுக்கு நடுவே, வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்மன் கோயில். உள்ளே வரிசையாக ஏழு கற்கள், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சாத்தி இருந்தன. கன்னிமார் என்றார் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். தம் தாத்தா காலத்தில் பெரிய வேளா மீன் வலையில் விழுந்தால், அதன் இருபுறமும் பல் வைத்த நீண்ட கொம்பை அறுத்துக் கொண்டுவந்து அம்மனுக்குக் காணிக்கையாகக் கட்டுவார்கள் என்றும், இப்போது அந்த மீனே கண்ணில் படுவதில்லை என்றும் சொன்னார். "எங்களுக்கு எல்லாமே கடலம்மாதான் சார். அவ குடுத்தாத்தான் வூட்ல அடுப்பு எரியும்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் ஏறியிருக்கும் வல்லணங்கு என்ற வலிய தெய்வத்துக்காகத் தாழை மலர் சூடிப் பனங்கள் பருகி விழாக் கொண்டாடினார்கள் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. கோயில் இல்லை, சிலை இல்லை. மணலில் நட்ட ஒரு மீன் கொம்புதான் அங்கே தெய்வம். மலையில் வேலன் வெறியாடி முருகனை அழைத்ததும், போரில் இறந்தவனுக்கு நடுகல் நட்டுப் படையல் வைத்ததும் இதே வகை வழிபாடுதான். தமிழகத்துச் சமய வரலாற்றின் அடித்தளம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதே சங்க காலத்திலேயே வேள்வித் தீயும் இங்கே எரிந்திருக்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பெயரே அதற்குச் சான்று. தொல்காப்பியம் காட்டுக்கு மாயோனையும், மலைக்குச் சேயோனையும், வயலுக்கு வேந்தனையும் சொல்லி, இந்தப் பெருமணல் உலகத்துக்கு வருணனைச் சொல்கிறது. இருக்கு வேதத்தின் பழைய பாடல்களில் வருணன் உலகின் ஒழுங்கையே காக்கும் பேரரசன். குற்றம் செய்தவரைத் தன் பாசத்தால் கட்டுபவனும் அவனே. ஏழாம் மண்டலத்தில் வசிட்டர் அவனிடம் மன்றாடும் பாடல்களைப் போல மனம் உருக்கும் பாடல்கள் அந்த நூலில் குறைவு. பின்னாளில் அவன் பெருமை குறைந்து நீருக்கு மட்டும் அதிபதியானான். காசிமேட்டில் அவனுக்கென்று ஒரு கோயிலை நான் காணவில்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் கோயில் குளத்தில் இறங்கி வருண ஜெபம் செய்கிறார்கள். அவனுக்கு இன்று எஞ்சியிருப்பது அவ்வளவுதான். வேதத்தின் பேரரசன் சுருங்கிப் போக, நூல் எதிலும் இடம் கேட்காத ஏழு கற்களுக்கு இன்று காலையும் பூச்சரம் வந்திருக்கிறது.

இரண்டாம் நாள்: திருவொற்றியூர்

தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, காலை ஏழு மணிக்குக் கோயிலுக்குள் நுழைந்தவன், நடை சாத்தும்வரை வெளியே வரவில்லை. மாலையில் மறுபடியும் போனேன். ஒரு சமயத்தின் வரலாற்றை ஒரே வளாகத்தில் படிக்க வேண்டும் என்றால், சென்னைக்குள் இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தப் புற்று. மூலவர் ஆதிபுரீசுவரர் செதுக்கிய இலிங்கம் அல்ல; மண் புற்று. நாகம் குடியிருக்கும் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்பது ஊர்ப்புறத்து வழிபாடு. அதற்கு ஆகமம் தேவைப்பட்டதில்லை. அப்படி ஒரு புற்று இங்கே தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற சிவமாக இருக்கிறது. மண்ணுக்கு நீர் ஆகாது என்பதால் நீராட்டு கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை புனுகும் சவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சார்த்துவதோடு சரி. தெய்வத்தின் உடல் எதுவோ அதற்கேற்பச் சடங்கு தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது.

கருவறையின் பின்புறம் வளைந்திருக்கிறது. யானையின் பின்புறம் போல. தூங்கானை மாடம் என்று தமிழ் நூல்கள் சொல்லும் வடிவம் இது. இதே வளைவைப் பௌத்தர்களின் பழைய சைத்தியங்கள் என்னும் வழிபாட்டுக் கூடங்களிலும் காணலாம். மிகப் பழைய இலிங்கங்களுள் ஒன்று நிற்கும், ஆந்திரத்தில் உள்ள குடிமல்லத்துக் கோயிலும் இந்த வடிவமே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கை விடவும், ஒரு காலத்தில் இந்த வடிவம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருந்தது என்ற செய்திதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இப்போதுள்ள கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. அதைக் கட்டியவன் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. மன்னர் பெயர்கள் எங்கும் கிடைக்கும். உளி பிடித்தவனின் பெயர் கிடைப்பது அரிது. அந்த வளைவைச் சுற்றி வரும்போது இன்று அவனையே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பணியைச் செய்வித்தவர் இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதர். இந்தப் பட்டம் இங்கே பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அதை முதலில் ஏற்றவரின் கதை, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டில் இருக்கிறது. கேரளத்தில் பிறந்த வல்லபன், சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு அணுக்கமான படைத்தலைவன். 949இல் தக்கோலத்துப் போரில் யானை மேலிருந்த இராசாதித்தன் கொல்லப்பட்டபோது, வல்லபன் அவன் பக்கத்தில் இருக்கத் தவறிவிட்டான். தலைவனோடு சாகாமல் உயிர் தப்பியதற்கு வெட்கி, உலகைத் துறந்து, ஒற்றியூருக்கு வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானனன் ஆனான். பிறகு தன் பிறந்த நாள்மீனில் மாதந்தோறும் வழிபாடு நடக்க, ஊர்ச் சபையிடம் பொன் முதலீடு செய்தான். இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது உண்டு: அந்தப் போரில் வென்ற பகைவனின் ஆட்சியாண்டைக் குறித்தே, தோற்ற பக்கத்து வீரனின் அறம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. மடம் என்ற அமைப்பு அரசர்களின் வெற்றி தோல்விக்கு அப்பால் நிற்கக் கற்றுக்கொண்ட காலம் அது.

அந்த மடத்தார் பின்பற்றியது எந்தச் சைவம் என்பதற்கு வெளிப் பிராகாரத்தில் ஒரு சன்னதி விடை சொல்கிறது. கௌளீசர் என்று இங்கே வழங்கும் உருவம், பாசுபத நெறியின் ஆசானாகிய இலகுலீசர். அவர் தோன்றிய இடம் இன்றைய குசராத்தில் உள்ள காயாவரோகணம் என்பது மரபு. அவருடைய மாணவர் குசிகரின் வழிவந்த ஆசான்கள், 380ஆம் ஆண்டைச் சேர்ந்த மதுராத் தூண் கல்வெட்டில் இடம்பெறுகிறார்கள். சாம்பல் பூசி, ஊரார் இகழ்ச்சியை வலிந்து ஏற்றுத் தவம் செய்த அந்தத் துறவிகளின் நெறி, மேற்குக் கரையிலிருந்து கிளம்பி இந்தக் கடற்கரை வரை வந்து, புற்று வழிபாட்டின் பக்கத்தில் மடம் அமைத்திருக்கிறது. பின்னொரு காலத்தில் இங்கே சோமசித்தாந்தம் என்ற இன்னொரு பழைய சைவ நெறியை உரைத்த வாகீச பண்டிதர் இருந்தார். பாணினியின் இலக்கணம் கற்பிக்க வியாகரண தான மண்டபமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் தந்து, தமிழ்ச் சைவ சித்தாந்தம் உறுதியான பிறகு, இந்தப் பழைய நெறிகளை நாம் மெல்ல மறந்துவிட்டோம். சைவம் என்றாலே சித்தாந்தம் என்று நினைக்கும் நண்பர்களை இந்தச் சன்னதி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

இத்தனை பண்டிதத்தோடு கூட, இந்தக் கோயிலின் உயிர் ஒரு காதல் கதையில் இருக்கிறது. சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கண்டு மணந்தார்; பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார்; வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு வந்து, ஊர் எல்லையைத் தாண்டினார்; கண் இரண்டும் போயின. கருவறையில் வாங்கும் சத்தியத்தை விட்டுவிட்டு மகிழடியில் வாங்கு என்று சங்கிலியார் தரப்புக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்தச் சிவனே. தோழனுக்குத் தூது போகவும், அதே தோழனுக்கு எதிராகப் பெண் பக்கம் நின்று சாட்சி சொல்லவும் தயங்காத கடவுளை, வேள்விக் கால இலக்கியத்தில் நான் கண்டதில்லை. பக்தி இயக்கம் செய்த மாற்றம் இதுதான்: தெய்வம் தீயில் இடும் அவியை வாங்கிக்கொண்டு பலன் தருபவர் என்ற நிலையிலிருந்து இறங்கி, உரிமையோடு சண்டை போடக்கூடிய உறவினர் ஆனார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராச சோழன் இங்கே பங்குனி விழாவுக்கு வந்து, அந்த மகிழின் கீழே அமர்ந்து, ஆளுடைய நம்பி எனப்படும் சுந்தரரின் புராணம் வாசிக்கக் கேட்டான் என்று கல்வெட்டு இருக்கிறது. சதுரானன பண்டிதரும் வாகீச பண்டிதரும் அப்போது உடனிருந்தார்கள். பாசுபதரும் சோமசித்தாந்தியும் சோழ அரசனும் சேர்ந்து ஒரு காதல் கதையைக் கேட்ட அந்த மாலையை நினைத்துக்கொண்டு, இன்றைய மகிழ மரத்தடியில் நெடுநேரம் இருந்தேன்.

விளக்கெரிக்க எண்ணெய் வாங்கப் பணம் இல்லாமல் தன் உதிரத்தையே விடத் துணிந்த கலிய நாயனார், இந்த ஊரில் செக்காட்டிய வாணியர். இங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பகுதி விளக்குக் கொடைகளே: ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 90 ஆடுகள் என்பது பரவலான கணக்கு. ஆடு மேய்ப்பவர் நெய் கொடுக்க, செக்காட்டுபவர் எண்ணெய் கொடுக்க, நெசவாளர் திரி கொடுக்க, கோயில் ஊரின் பொருளாதாரமாகவே மாறியது. ஆடல் பாடலுக்கென்று பெண்கள் இருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் காலத்தில், பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் ஆகிய மூன்று பிரிவுப் பெண்களுக்கு இடையே யாருக்கு எந்தப் பணி என்ற வழக்கு எழுந்து, அதைத் தீர்த்துவைத்ததும் கல்லில் இருக்கிறது. பணியை நிறுத்தி நியாயம் கேட்கும் அளவுக்கு அவர்களுக்கு அன்று குரல் இருந்தது. பின்னாளில் அந்த மரபு சிதைந்து, 1947இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தபோது, அவர்களின் கலை மட்டும் மேடைக்குப் போனது, அவர்கள் போகவில்லை.

மாலையில் வட்டப்பாறை அம்மனைப் பார்த்தேன். உக்கிரமாக இருந்து மனிதரைப் பலி கொண்ட காளியை ஆதிசங்கரர் வட்டப் பாறையின் கீழ் அடக்கிவைத்தார் என்பது தலக்கதை. இவளைக் கண்ணகி என்றும் சொல்கிறார்கள். இதைப் பற்றி நாளை மறுநாள் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள்: புழல்

இன்று சிறிய பயணம். கல்வெட்டுகள் திருவொற்றியூரைப் புழற்கோட்டத்தில் உள்ளதாகவே குறிக்கின்றன. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தலைமையாக இருந்த அந்தப் புழல், இன்று ஏரிக்கும் சிறைச்சாலைக்கும் பெயர் போனது. அங்கே ஆதிநாதர் சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. புழலை ஆண்ட குறும்பர் தலைவன் ஒரு சமண முனிவரின் சொல் கேட்டு அந்நெறியில் சேர்ந்து பள்ளி கட்டினான் என்றும், பிறகு ஆதொண்டைச் சோழன் வந்து குறும்பரை வென்றான் என்றும் ஊர் மரபு. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இக்கதை பதிவாகியிருக்கிறது.

வெண்பளிங்குத் தரையில் அமைதியாக அமர்ந்திருந்தபோது, ஒரு செய்தியை எழுதாமல் விட்டால் இந்தப் பயணம் நேர்மையாக இருக்காது என்று தோன்றியது. அப்பர் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்து திரும்பியவர். அவரைத் தொடர்ந்து பல்லவ மன்னன் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லால் சிவன் கோயில் கட்டினான் என்று பெரியபுராணமே சொல்கிறது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் அது சொல்கிறது. அது வரலாறா கற்பனையா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். அதை வெற்றியாகப் பாடி, சுவரில் ஓவியமாக எழுதி, விழாவாக நடத்திய மனநிலை உண்மையானது. சைவத்தின் மேல் பற்றுள்ள எனக்கு இது வலிக்கிறது. புலால் மறுத்தலையும், அறநூல்களையும், இலக்கணங்களையும் தமிழுக்கு ஈந்தவர்களில் பெரும்பங்கு சமணர்களுடையது. அவர்களின் கொல்லாமையை நாம் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கே "சைவச் சாப்பாடு" என்று பெயர் வைத்தோம்.

நான்காம் நாள்: தம்புச் செட்டித் தெருவும் தேவராச முதலித் தெருவும்

காளிகாம்பாள் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கோட்டைப் பகுதியில் இருந்து 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த இக்கோயில், கம்மாளர் எனப்படும் விசுவகர்மர்களுடையது. 1677இல் சிவாஜி இங்கே வந்து வழிபட்டார் என்பது கோயிலின் மரபு; சுதேசமித்திரனில் பணியாற்றிய நாட்களில் பாரதியாரும் வந்துபோனார் என்பார்கள். அம்பாள் சாந்தமாக அமர்ந்திருக்கிறாள். முன்பு உக்கிரமாக இருந்தவள், சங்கரரின் சக்கரப் பிரதிட்டையால் சாந்தமானாள் என்று அர்ச்சகர் சொன்னார். ஒற்றியூரில் கேட்ட அதே கதை. காஞ்சியிலும் இதே கதை உண்டு. சங்கரர் நடந்த வழியெல்லாம் அம்மன்கள் அமைதியானார்கள் என்று இதை வரலாறாகக் கொள்ள என்னால் இயலவில்லை. பலி வாங்கிய ஊர்த்தெய்வங்கள் சாதம், பால், குங்கும அர்ச்சனை என்ற ஒழுங்குக்குள் வந்த நீண்ட மாற்றத்தை, மக்கள் ஒரே ஒரு பெரியவரின் பெயரில் நினைவு வைத்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். மாறாதவர்களும் உண்டு. ஆடி மாதத்தில் இதே வடசென்னையின் சந்துகளில் கூழ் வார்த்துக் கோழி அறுக்கும்போதும், மாசியில் மயானக் கொள்ளையின்போதும், அங்காளம்மன் தன் உக்கிரத்தோடு தெருவில் இறங்கத்தான் செய்கிறாள்.

அங்கிருந்து சென்ன கேசவப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். மக்கள் வழக்கில் இது பட்டணம் கோயில். பெருமாளும், பக்கத்திலேயே சென்ன மல்லீசுவரரும். 1640களில் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், துபாசியாக (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக) இருந்த பேரி திம்மண்ணா தொடங்கிய முதற்கோயில், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துத் திருப்பித் தந்த பிறகு, பீரங்கிக்கு வெளி வேண்டும் என்று 1757இல் ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டார்கள். மக்களின் மனவருத்தம் பெரிதாகவே, கும்பினி வேறு நிலம் தந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று சைவத்துக்கும் வைணவத்துக்கும் சேர்த்தே இரட்டைக் கோயிலை எழுப்பினார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்தவரும் இவரே. மன்னர் இடத்தில் துபாசியும் வணிகரும் வந்து நிற்கும் புதிய காலம் இது.

அந்தக் காலத்தின் இருண்ட பக்கமும் இதே தெருக்களில்தான் இருக்கிறது. வலங்கை, இடங்கை என்று பிரிந்த சாதிகள், யாருடைய சாமி ஊர்வலமும் கலியாண ஊர்வலமும் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்காக வெட்டிக்கொண்டார்கள். 1707இல் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் கலகம் முற்றி, ஒரு பகுதியார் சாந்தோமுக்கே குடிபெயர்ந்து போக, எல்லைக் கற்கள் நட்டுத் தெருக்களைப் பிரித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. இறைவன் எல்லாத் தெருவுக்கும் பொது என்று பாடிய ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் பல்லக்கில் வைத்துக்கொண்டே இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறோம்.

'இந்து' என்ற சொல்லைப் பற்றியும் இங்கேதான் எழுத வேண்டும். சிந்து என்ற ஆற்றின் பெயரைப் பாரசீகர் ஒலித்த விதம் அது. 14ஆம் நூற்றாண்டு விசயநகர மன்னர்கள் தங்கள் பட்டத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒற்றியூரில் பொன் வைத்த சதுரானனனுக்குத் தான் இந்து என்று தெரியாது, அவன் மாகேசுவரன், சிவனடியான். 1817ஆம் ஆண்டுச் சட்ட விதியால் கும்பினி கோயில் சொத்துகளை மேற்பார்வை செய்யத் தொடங்கியதும், பாதிரிமார் எதிர்ப்பால் பிறகு கைவிட்டதும், குடிமதிப்பில் ஒவ்வொருவரும் ஒரு மதக் கட்டத்தில் எழுதப்பட்டதும் சேர்ந்து, இத்தனை நெறிகளுக்கும் ஒரே பெயரை நிலைக்கச் செய்தன. பெயர் வெளியிலிருந்து வந்ததால் உள்ளே உறவே இல்லை என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. புற்றுக்கும் பாசுபதத்துக்கும் இலகுலீசருக்கும் சுந்தரருக்கும் இடையே உறவு இருந்ததை இரண்டாம் நாள் முழுவதும் பார்த்துவிட்டேன். அந்த உறவுக்கு ஒரு பொதுப் பெயர் தேவைப்படாமல் இருந்தது என்பதே உண்மை.

ஐந்தாம் நாள்: ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு

இன்று நடப்பது என்று முடிவு செய்திருந்தேன். வடலூர் இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டிலிருந்து தொடங்கினேன். 1823இல் மருதூரில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்து, 1858 வரை சென்னையில் இருந்தவர். முதலில் அவரை ஈர்த்தது பக்கத்தில் உள்ள கந்தகோட்டம்; பிறகு ஒற்றியூர். நாள்தோறும் நடந்தே போய் அக்கோயிலின் அம்பாளான வடிவுடையம்மனைத் தொழுது, வடிவுடை மாணிக்கமாலை பாடினார்.

வழியில் தங்கசாலைத் தெரு. அவர் காலத்தில் வாழ்ந்த இன்னொரு பெரியவரான யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் இத்தெருவில் இருந்தது. பாதிரியார் பெர்சிவலுக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவிய நாவலர், அதே அச்சுக் கலையைச் சைவத்துக்குத் திருப்பி, பெரியபுராணத்தை எளிய உரைநடையில் 1852இல் வெளியிட்டார். ஓதுவார் வீட்டுச் சுவடியில் இருந்தது, காசு கொடுப்பவர் யாவருக்கும் புத்தகமாகக் கிடைத்தது. என் மதிப்பீட்டில், பக்தி இயக்கத்துக்குப் பின் தமிழ்ச் சைவத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இந்த அச்சுதான். அடிகளின் பாடல்களும் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. அருட்பா என்ற பெயர் திருமுறைக்கே உரியது என்று நாவலர் 1869இல் மறுப்பு எழுத, வழக்கு முற்றியது. இருவரும் நீறு பூசியவர்கள், இருவரும் முருகனையும் சிவனையும் உருகித் தொழுதவர்கள். நாவலர் ஆகமத்தின் தூய்மைக்குத் திரும்பச் சொன்னார். அடிகள் 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் தருமசாலை, 1872இல் ஞானசபை என்று முன்னே போய்க்கொண்டே இருந்து, 1873இல் ஆற்றிய பேருபதேசத்தில் வேதம், ஆகமம், புராணம் எதிலும் நோக்கம் வைக்க வேண்டாம் என்றும், தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று இவ்வளவு என்று அளவிட முடியாது, அது இப்போது போய்விட்டது என்றும் சொன்னார். அந்தப் பற்று எவ்வளவு என்பதற்கு ஒற்றியூர்ப் பாடல்களே அளவு. அடிகளின் பக்கம் என் நெஞ்சு சாய்கிறது. ஆனால் நாவலரின் அச்சு இல்லாவிட்டால் நான் பெரியபுராணம் படித்திருக்க மாட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டி, காலடிப்பேட்டையில் சற்று நின்றேன். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. காலெட் பேட்டை வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி. பதினோராம் திருமுறையில் ஒற்றியூரைப் பாடிய பட்டினத்தாரும், உடலின் நிலையாமையைச் சாடிப் பாடிய சித்தர் பட்டினத்தாரும் வேறு வேறு காலத்தவர் என்று அறிஞர் கூறுவர். மக்கள் இருவரையும் ஒரே சமாதியில் சேர்த்து, ஒரே கரும்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கோயிலை அடைந்தபோது வரிசை தெற்கு மாடவீதி வரை நீண்டிருந்தது. அக்கா எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தாள். எங்களுக்கு முன்னால் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, பேத்தியின் கையைப் பிடித்தபடி நின்றார். தம் தாத்தா இதே ஊரில் இருந்தும் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம், உள்ளே போகும் உரிமை அவருக்கு இல்லை என்று, குரலில் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். "எங்க அம்மாதான் மொதல்ல உள்ள போனாங்க. புத்தைப் பாத்துட்டு வந்து மூணு நாளு அதையே பேசினு இருந்தாங்களாம்." ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். இலகுலீசருக்கும், பாணினிக்கும், குசராத்திலிருந்து வந்த துறவிகளுக்கும், கேரளத்துப் படைத்தலைவனுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே திறந்த கதவு, நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தவருக்கு அதுவரை திறக்கவில்லை.

உள்ளே ஸ்ரீருத்திரம் ஓதுவது கேட்டது. இருக்கு வேதத்தில் மூன்றே முழுப் பாடல்களுக்கு உரியவனான உருத்திரன், யசுர் வேதத்தின் இந்தப் பகுதியில் எங்கும் பரவி நிற்கிறான். ஐந்தெழுத்தும் இதன் நடுவில்தான் இருக்கிறது. தச்சருக்கு வணக்கம், தேர் செய்வோருக்கு வணக்கம், குயவருக்கு, கொல்லருக்கு, வேடருக்கு வணக்கம் என்று அது உழைப்பவர் ஒவ்வொருவரையும் உருத்திரனாகவே கண்டு கும்பிடுகிறது. அந்த மந்திரம் ஓதப்பட்ட மண்டபத்துக்கு வெளியே அந்த உழைப்பவர்களின் பிள்ளைகளை எத்தனை நூற்றாண்டு நிறுத்தி வைத்தோம் என்பதை நினைத்தபோது, என்னால் கூடச் சேர்ந்து ஓத முடியவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேன்.

இரவு எட்டரை மணி அளவில் எங்கள் முறை வந்தது. தீபம் உயர்ந்தது. கவசம் இல்லாத இடத்தில், தைலம் பூசிக் கருத்து மினுங்கிய மண், மேலே சற்றுக் குவிந்து, ஒழுங்கு எதுவும் இல்லாத வடிவில் இருந்தது. புனுகு வாசனை மூச்சை அடைத்தது. நின்று பார்க்க விடவில்லை; நகருங்கள், நகருங்கள் என்றார்கள். முன்னால் இருந்த அம்மா பேத்தியை இடுப்பில் தூக்கி, "தெரியுதா? மண்ணு மாதிரி இருக்குது பாரு, அதான் சாமி" என்றார். குழந்தை தலையாட்டியது. நான் நீறு வாங்கிக்கொண்டு, அக்காவோடு மகிழடிப் பக்கம் நடந்தேன்.